அளவுகளின் கதை – 14: மெஷேன் மறைத்த மூன்று விகலை

பிரான்சின் தேசிய சட்டமன்றம் 1791 மார்ச் 26 அன்று எடுத்த முடிவோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை நீளத்தின் அலகாகக் கொள்வது என்பது அந்த முடிவு. எந்த அரசனின் பாதத்திலிருந்தும் எடுக்காத, எந்த ஊர்ச் சந்தையும் உரிமை கொண்டாட முடியாத ஓர் அளவு வேண்டும் என்று அறிஞர்கள் விரும்பினார்கள். சட்டம் நிறைவேறிவிட்டது. இனி யாராவது போய்ப் பூமியை அளந்து வரவேண்டும்.

அதற்காகத் துருவம் வரை நடக்க வேண்டியதில்லை. ஒரு தீர்க்கரேகையின் மேல் ஒரு துண்டை அளந்தால் போதும். அந்தத் துண்டின் இரு முனைகளிலும் நின்று விண்மீன்களைப் பார்த்து அட்சரேகையைக் கண்டுபிடித்தால், துண்டு எத்தனை பாகைக்கு நீள்கிறது என்பது தெரிந்துவிடும். மிச்சம் கணக்குதான். வடக்கே டன்கர்க், தெற்கே ஸ்பெயினின் பார்சிலோனா என்று முனைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டும் கடலோர ஊர்கள், நடுவில் பாரிஸ், 45 பாகை அட்சரேகைக்கு இருபுறமும் விரிந்த துண்டு. நீளம் ஏறத்தாழ ஆயிரத்து எழுபத்தைந்து கிலோமீட்டர். கிலோமீட்டர் என்று ஒன்று இன்னும் பிறக்கவில்லை என்பதால் அவர்கள் அதைத் துவாஸ் கணக்கில் சொன்னார்கள். ஒரு துவாஸ் ஆறு பிரெஞ்சு அடி, 864 லீஞ். இன்றைய அளவில் ஒரு மீட்டர் 95 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

ஆயிரம் கிலோமீட்டரைக் கோல் வைத்து யாரும் அளப்பதில்லை. கோபுர உச்சி, கோட்டைச் சுவர், மலை முகடு என்று ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரியும் இடங்களை இணைத்து, முக்கோணங்களை வரிசையாகக் கோத்துக்கொண்டு போவார்கள். ஒரே ஒரு முக்கோணத்தின் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் தரையில் கோலால் அளந்தால் போதும். மற்ற எல்லாப் பக்கங்களும் கோணங்களிலிருந்தே வந்துவிடும். ஆகவே மீட்டரின் விதி கோணங்களை அளக்கும் கருவியின் கையில் இருந்தது.

அந்தக் கருவி போர்தாவின் வட்டம். ஷான்-ஷார்ல் போர்தா கடற்படைப் பொறியாளர், நல்ல கணிதர். அவர் வடிவமைத்ததைப் பாரிஸில் கருவி செய்யும் லெனுவார் உருவாக்கிக் கொடுத்தார். அதே காலத்தில் லண்டனில் ராம்ஸ்டன் வேறு வழியில் போனார்: மூன்றடி விட்டமுள்ள பிரம்மாண்டமான தியோடலைட் செய்து, அதன் விளிம்பில் கோடுகளை மிக மிக நுட்பமாக வெட்டினார். வண்டியில் ஏற்றி, பல ஆட்கள் சேர்ந்து தூக்க வேண்டிய கருவி. போர்தாவின் வட்டமோ ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரியது. மலையுச்சிக்கும் மணிக்கூண்டுக்கும் எடுத்துப் போகலாம். விளிம்பில் வெட்டிய கோடுகள் ராம்ஸ்டனுடையவை அளவுக்கு நுட்பமானவை அல்ல. அந்தக் குறையை ஈடுகட்ட போர்தா கண்டுபிடித்த வழி அழகானது.

வட்டத்தில் இரண்டு தொலைநோக்கிகள். ஒன்றை வலப்பக்கக் குறிக்கும் மற்றொன்றை இடப்பக்கக் குறிக்கும் திருப்பினால் நடுவிலுள்ள கோணம் கிடைக்கும். சாதாரணமாக அந்த அளவைப் படித்து எழுதிக்கொண்டு, கருவியைச் சுழிக்குத் திருப்பி மறுபடி தொடங்குவார்கள். போர்தா சுழிக்குத் திரும்பவே விடவில்லை. முழு வட்டத்தையும் சுழற்றி, முதல் அளவு முடிந்த இடத்திலிருந்தே அடுத்ததைத் தொடங்கச் செய்தார். கோணம் கோணத்தின் மேல் ஏறிக்கொண்டே போகும். இருபது தடவை செய்தபின் கடைசியில் ஒரே முறை விளிம்பைப் படித்து இருபதால் வகுத்தால், கோடு வெட்டியதில் உள்ள பிழையும் கண் படித்த பிழையும் இருபதில் ஒரு பங்காகிவிடும். நாற்பது தடவை செய்தால் நாற்பதில் ஒரு பங்கு. பொறுமை இருந்தால் பிழையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம் என்று தோன்றும். அப்படித்தான் அன்று எல்லோரும் நம்பினார்கள். ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கான விகலையைத் தொட்டுவிட்டோம் என்று நினைத்தார்கள்.

பணியை இருவருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். டன்கர்க்கிலிருந்து ரோடெஸ் தேவாலயம் வரையிலான வடபகுதி ஷான் பாப்டிஸ்ட் டெலாம்பருக்கு. அமியேன் நகரத்துத் துணி வியாபாரியின் மகன்; குழந்தையில் வந்த பெரியம்மை கண்பார்வையைக் கிட்டத்தட்டப் பறித்துவிட்டிருந்தது; வானியலுக்குள் வந்ததே முப்பது வயதைக் கடந்த பிறகுதான். ரோடெஸிலிருந்து பார்சிலோனா வரையிலான தென்பகுதி பியேர் மெஷேனுக்கு. லான் ஊரில் சுவருக்குச் சாந்து பூசும் தொழிலாளியின் மகன். வால்மீன் தேடுவதில் பெயர் பெற்றவர். மெசியேயின் புகழ்பெற்ற பட்டியலில் உள்ள பல விண்பொருள்களை முதலில் கண்டவர் அவர்தான். போர்தாவின் வட்டத்தை 1787-இல் பாரிஸ்–கிரீனிச் இணைப்பு அளவையிலேயே பயன்படுத்திப் பழகியிருந்தார். இருவரில் நுட்பமான கையும் கண்ணும் மெஷேனுக்கே என்பது அன்றைய பொதுக் கருத்து. தூரத்தில் டெலாம்பருக்கு இரண்டு பங்கு, மெஷேனுக்கு ஒரு பங்கு. ஆனால் பைரனீஸ் மலைத்தொடரும், அதற்கு முன் யாரும் முக்கோணம் கோக்காத ஸ்பெயின் பகுதியும் மெஷேன் பங்கில் இருந்தன.

1792 ஜூன் 25 அன்று மெஷேன் பாரிஸிலிருந்து புறப்பட்டார். வழியிலேயே எஸ்ஸோன் என்ற ஊரில் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். பெட்டிகளில் இருந்த பித்தளைக் கருவிகள் ஆயுதம்போல் தெரிந்தன. டெலாம்பருக்கு இன்னும் மோசம். ஆகஸ்ட் 10 அன்று புரட்சிக் கூட்டத்திடம் அரசனின் அரண்மனை வீழ்ந்தது. அவர் கையில் இருந்த அனுமதிச் சீட்டிலோ அரசனின் பெயர். செப்டம்பரில் சேன்-தெனி ஊர்ச் சதுக்கத்தில், போருக்குப் போக ஆள் சேர்ந்துகொண்டிருந்த கூட்டத்தின் நடுவில், வண்டியிலிருந்து கருவிகளை ஒவ்வொன்றாக இறக்கிவைத்துப் பூமியை அளப்பது பற்றி விளக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அறிவியல் அகாதெமியே கலைக்கப்பட்டது. 1793 டிசம்பரில் போர்தா, லவாய்சியர், லாப்லாஸ், கூலூம் ஆகியோரோடு டெலாம்பரையும் அளவைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். லவாய்சியரின் தலை 1794 மே 8 அன்று துண்டிக்கப்பட்டது. மீட்டர் பிறந்த காலம் அப்படிப்பட்டது. அந்தக் கதையை இங்கே விரிக்கவில்லை. நாம் மெஷேனோடு தெற்கே போக வேண்டும்.

மெஷேன் 1792-இன் பிற்பாதியில் கட்டலோனிய மலைகளில் விரைவாக வேலை செய்தார். முக்கோணங்கள் சீராக விழுந்தன. குளிர்காலத்தில் பார்சிலோனா துறைமுகத்தை ஒட்டிய மோன்ஜுயிக் குன்றின் கோட்டையில் வட்டத்தை நிறுத்தி அட்சரேகையை அளக்கத் தொடங்கினார். இதுதான் முழுப் பணியின் தென்முனை. இங்கே ஒரு விகலை தவறினால் தரையில் 31 மீட்டர் தவறும். துருவ விண்மீனையும் வடவானின் வேறு சில விண்மீன்களையும் இரவு இரவாகப் பார்த்தார். ஒவ்வொன்றையும் போர்தா முறையில் திரும்பத் திரும்ப அளந்தார். விடைகள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தன. ஒரு விண்மீன் மட்டும் சற்று முரண்டு பிடித்தது. அடிவானத்துக்கு அருகில் ஒளி வளைவதால் வரும் தொல்லை என்று எண்ணி அதை ஒதுக்கி வைத்தார். கிடைத்த அட்சரேகையைப் பாரிஸுக்கு அனுப்பினார். அங்கே பாராட்டினார்கள்.

1793 மார்ச்சில் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. அந்த வசந்தத்திலேயே, மருத்துவ நண்பர் சல்வாவோடு நகருக்கு வெளியே ஒரு நீரேற்று இயந்திரத்தைப் பார்க்கப் போன இடத்தில் விபத்து. இயந்திரத்தின் தண்டு மெஷேனின் மார்பில் மோதியது. விலா எலும்புகள் நொறுங்கின, காறை எலும்பு முறிந்தது. மூன்று நாள் நினைவில்லை. பிழைத்து எழுந்தபோது ஊர் திரும்ப ஸ்பெயின் அரசு அனுமதி மறுத்தது. எல்லையின் மலைகளையும் கோட்டைகளையும் நுட்பமாக அறிந்த ஓர் எதிரிநாட்டுக்காரரை யார் விடுவார்கள்? கோட்டைக்குள்ளும் இனி நுழைய முடியாது.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர் அவர். தங்கியிருந்த ‘ஃபோன்தானா தெ ஓரோ’ என்ற விடுதியின் மேல்தளத்தில் வட்டத்தை நிறுத்தி, 1793–94 குளிர்காலத்தில் அதே விண்மீன்களை மறுபடி அளந்தார். யாரும் கேட்காத வேலை. கோட்டையில் கிடைத்த விடையை உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பது மட்டுமே எண்ணம். விடுதிக்கும் கோட்டைக்கும் இடையே ஒரு மைல் தூரம்தான். அந்தத் தூரத்தையும் திசையையும் முக்கோணத்தால் துல்லியமாகக் கணக்கிட்டுக்கொண்டார். ஆக, விடுதியின் அட்சரேகையிலிருந்து கோட்டையின் அட்சரேகையை வருவிக்கலாம். அது முன்பு நேரில் அளந்ததோடு பொருந்த வேண்டும்.

பொருந்தவில்லை. 3.2 விகலை வேறுபட்டது. தரையில் கிட்டத்தட்ட நூறு மீட்டர்.

கருவி ஒன்று, பார்த்த கண் ஒன்று, விண்மீன்களும் முறையும் அவையே. கோட்டையில் எடுத்த அளவுகள் தமக்குள் அழகாக ஒத்துப்போயின. விடுதியில் எடுத்தவையும் தமக்குள் அழகாக ஒத்துப்போயின. ஆனால் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று ஏற்கவில்லை. எது சரி என்று சொல்ல வழியில்லை. கோட்டைக்குத் திரும்பிப் போய்ச் சோதிக்கவும் முடியாது. முதல் விடை ஏற்கெனவே பாரிஸில் இருந்தது.

மெஷேன் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் நம் பள்ளி இயற்பியல் பாடத்தை நினைத்துக்கொள்ளலாம். திருகு அளவியால் கம்பியின் தடிமனைப் பத்து முறை அளந்து சராசரி எடுக்கச் சொல்வார்கள். அதற்கும் முன்னால், இரு முகங்களையும் சேர்த்து வைத்துச் சுழிப்பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். இரண்டும் இரண்டு வகைப் பிழைகளுக்கான மருந்து. கண் ஒரு தடவை கூட்டியும் ஒரு தடவை குறைத்தும் படிப்பது ஒழுங்கற்ற பிழை. பல முறை அளந்தால் அது கரையும். கருவியே ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பது முறையான பிழை. ஆயிரம் முறை அளந்தாலும் அது அசையாது. இன்று ஒரு பதினோராம் வகுப்பு மாணவி எழுதிவிடும் இந்த வேறுபாட்டை 1794-இல் ஐரோப்பாவின் தலைசிறந்த அளவையாளர் எவரும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கவில்லை. போர்தாவின் வட்டம் முதல் வகைப் பிழையை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. அதனாலேயே இரண்டாம் வகை கண்ணில் பட்டது. பழைய, முரட்டுக் கருவியில் 3 விகலை வேறுபாடு யார் கவனத்துக்கும் வந்திருக்காது. அது கருவியின் தள்ளாட்டத்துக்குள்ளேயே மூழ்கிப் போயிருக்கும்.

முரண்பாட்டுக்குப் பெயர் சொல்ல ஒரு கோட்பாடு இல்லாதபோது, பழி முழுவதும் அளந்தவர் மேல் விழுகிறது. மெஷேன் அதைத் தன் ஒழுக்கத்தில் ஏற்பட்ட கறையாகவே எடுத்துக்கொண்டார். என்னைக் கேட்டால், அவர் மறைத்தது தவறு. அதில் எனக்கு ஐயமில்லை. அளந்தது பொருந்தாவிட்டால் பொருந்தவில்லை என்று எழுதுவதுதான் அளப்பவரின் முதல் கடமை. ஆனால் போர்க்காலத்தில், எதிரி நாட்டில், நொறுங்கிய விலா எலும்புகளோடு, கலந்து பேச ஒருவரும் இல்லாமல் அந்த எண்ணோடு தனியே இருந்தவரைக் கடுமையாகத் தீர்ப்பிட எனக்கு மனம் வரவில்லை.

1794-இல் இத்தாலிக்குப் போக அனுமதி கிடைத்தது. ஜெனோவாவில் ஓர் ஆண்டுக் காலம் இருந்துவிட்டு, கடல் வழியாக மார்செய் வந்து சேர்ந்தார். இதற்குள் பாரிஸில் லவாய்சியரைப் பலிகொண்ட பயங்கர ஆட்சி முடிந்திருந்தது. 1795 ஏப்ரல் 7-ஆம் நாள் சட்டம் மீட்டர், லிட்டர், கிராம் என்ற பெயர்களை நிலைநாட்டி, அளவைப் பணியையும் உயிர்ப்பித்தது. டெலாம்பர் விட்ட இடத்திலிருந்து சுறுசுறுப்பாகத் தொடர்ந்தார். மெஷேனோ தெற்கு மலைகளில் மாதக்கணக்கில் தேங்கி நின்றார். பாரிஸுக்குத் திரும்ப மனமில்லை என்று கடிதங்களில் புலம்பினார். காரணத்தை மட்டும் எழுதவில்லை. கடைசியில் அவர் மனைவியே ரோடெஸுக்குப் பயணம் செய்து வந்து வேலைக்குத் துணை நின்றார். டெலாம்பர் கார்கசோன் வரை போய்க் கையோடு அழைத்து வந்தார். 

அதற்குள் 1798-இல் டெலாம்பர் தரைக்கோடுகளை அளந்து முடித்திருந்தார். மெலுன் அருகில் ஒன்று, தெற்கே பெர்பிஞான் அருகில் ஒன்று. ஒவ்வொன்றும் 12 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டவை. இங்கேயும் போர்தாவின் கைவண்ணம்தான். இரண்டு துவாஸ் நீளமுள்ள பிளாட்டினப் பட்டைகள் நான்கு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு முனையில் மட்டும் இணைத்த, சற்றுக் குட்டையான தாமிரப் பட்டை. வெயிலில் இரண்டும் வெவ்வேறு அளவில் நீளும். அந்த வித்தியாசத்தை மறுமுனையில் வெர்னியரால் படித்தால் பட்டையின் சூடு தெரியும். எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதும் தெரியும். அளவுகோலே தன் வெப்பமானியாகவும் இருந்தது. மெலுன் கோட்டிலிருந்து முக்கோணங்கள் வழியாகக் கணக்கிட்டு வந்த பெர்பிஞான் கோட்டின் நீளத்துக்கும், தரையில் நேரில் அளந்த நீளத்துக்கும் ஓரடி கூட வேறுபாடு இல்லை. அரை நாட்டைத் தாண்டி வந்த கணக்கு!

ஸ்பெயின், டென்மார்க், ஹாலந்து, சுவிட்சர்லாந்து, இத்தாலிய நாடுகளிலிருந்து அறிஞர்கள் பாரிஸில் கூடி ஏடுகளைப் பரிசோதித்தார்கள். டெலாம்பர் எல்லாவற்றையும் திறந்து வைத்தார். மெஷேன் நாள் கடத்தி, கடைசியில் தான் தொகுத்த சுருக்கத்தை மட்டும் கொடுத்தார். மோன்ஜுயிக் அளவுகளின் ஒத்திசைவைப் பார்த்து அவர்கள் வியந்து பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு மெஷேன் உட்கார்ந்திருந்த நேரத்தை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. போர்தா இந்த நிறைவைப் பார்க்கவில்லை. 1799 பிப்ரவரியில் காலமானார். அவ்வாண்டு ஜூன் 22 அன்று பிளாட்டின மீட்டர்க் கோல் ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டது. நீளம் 443.296 லீஞ்.

உண்மையில் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை ஒரு கோடி மீட்டர் என்பது வாக்குறுதி. இன்றைய அளவையில் அந்தத் தூரம் 1,00,01,966 மீட்டர். அதாவது கோல் 0.2 மில்லிமீட்டர் குட்டை. மெஷேனின் 3.2 விகலை இதற்குப் பெரிய காரணமல்ல. பூமி எவ்வளவு தட்டையானது என்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட எண் 334-இல் ஒரு பங்கு. சரியானது 298-இல் ஒரு பங்குக்கு அருகில். பிரான்சின் அடியிலுள்ள நிலமும் கணக்கு எதிர்பார்த்தபடி சீராக வளையவில்லை. 1793-இல், பழைய அளவைகளை வைத்து அவசரமாக 443.44 லீஞ் என்று ஒரு தற்காலிக மீட்டரை அறிவித்திருந்தார்கள். ஏழாண்டு உழைப்பில் வந்த எண்ணைவிட அதுவே உண்மைக்கு அருகில் இருந்தது. ஆனாலும் உழைப்பு வீணல்ல. பூமி ஒழுங்கான கோளமும் அல்ல, ஒழுங்கான நீள்கோளமும் அல்ல என்பது இந்த அளவையில்தான் மறுக்க முடியாதபடி தெரிந்தது. 1889-இன் பிளாட்டினம்–இரிடியம் கோல், 1960-இன் கிரிப்டான் ஒளி அலை, 1983-இல் ஒளியின் வேகத்திலிருந்து வருவித்த வரையறை என்று பிறகு வந்த ஒவ்வொன்றும் முந்தைய நீளத்தைக் காப்பாற்றியே அமைக்கப்பட்டது. ஜவுளிக்கடை மீட்டர்க் கோலிலும் அந்த 0.2 மில்லிமீட்டர் இருக்கிறது.

மெஷேன் பாரிஸ் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். மனம் அடங்கவில்லை. அளவையைப் பலேரிக் தீவுகள் வரை நீட்ட வேண்டும் என்று வாதாடி 1803-இல் மறுபடி ஸ்பெயின் போனார். தென்முனை தீவுக்கு மாறிவிட்டால் மோன்ஜுயிக் வெறும் இடைநிலையம் ஆகிவிடும்; அந்த அட்சரேகைக்கு முக்கியத்துவம் போய்விடும். சதுப்பு நிலக் கரையில் முறைக்காய்ச்சல் பிடித்தது. 1804 செப்டம்பர் 20 அன்று கஸ்தெயோன் நகரில் இறந்தார்.

ஏடுகள் டெலாம்பர் கைக்கு வந்தன. அவருடைய சொந்தக் குறிப்புகள் மையில், வரிசையான பக்கங்களில் இருக்கும். மெஷேன் விட்டுச் சென்றவையோ உதிரித் தாள்கள். பென்சில் எழுத்துகள், அழித்து எழுதிய எண்கள், ஒத்துப்போகும்படி சரிக்கட்டிய அளவுகள். அவற்றுக்கு நடுவே விடுதியில் எடுத்த விண்மீன் அளவுகளும் இருந்தன. பத்தாண்டுத் துயரத்தின் காரணம் டெலாம்பருக்கு அப்போதுதான் புரிந்தது. 1806 முதல் 1810 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட அளவை வரலாற்றில் பார்சிலோனா முரண்பாட்டை அவர் வெளிப்படையாக எழுதினார். மெஷேனின் அந்தரங்கக் கடிதங்களை மட்டும் உறையிட்டு வானாய்வகத்தில் வைத்தார். அறிவியலுக்குச் சேர வேண்டியதை அறிவியலுக்குக் கொடுத்து, நண்பரின் வேதனையைச் சந்தைக்குக் கொண்டுவராத அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதற்கிடையே 1805-இல் லெழாந்தர் என்ற கணிதர் வால்மீன் பாதைகள் பற்றிய தம் நூலின் பின்னிணைப்பில் ஒரு முறையை வெளியிட்டார். ஒன்றுக்கொன்று பொருந்தாத பல அளவுகள் இருக்கும்போது, பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் விடையை எடுத்துக்கொள்வது. மீச்சிறு வர்க்க முறை என்று இன்று கல்லூரியில் படிப்பது இதுதான். எடுத்துக்காட்டாக அவர் போட்டுக் காட்டிய கணக்கு டன்கர்க் – பார்சிலோனா அளவைதான். பொருந்தாமையைக் குற்றமாகப் பார்க்காமல், எல்லா அளவையிலும் இருக்கும் இயல்பாக எடுத்துக் கணக்கிட ஒரு வழி கிடைத்தது. மெஷேன் அதற்கு முந்தைய ஆண்டே இறந்திருந்தார்.

3.2 விகலைக்கு விளக்கம் 1828-இல் வந்தது. நிக்கொலே என்ற வானியலாளர் ஏடுகளை மறுபடி ஆராய்ந்தார். மெஷேன் பெரும்பாலும் தலைக்கு மேல் உச்சிக்கு வடக்கே கடக்கும் விண்மீன்களையே நம்பியிருந்தார். வட்டத்தின் அச்சு தேய்ந்து சற்றே சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வு எல்லா வடக்கு விண்மீன்களையும் ஒரே பக்கம் தள்ளும்; அவை தமக்குள் அழகாக ஒத்துப்போகும், எல்லாம் சேர்ந்து தவறாக இருக்கும். தெற்கே கடக்கும் விண்மீன்களை அதே சாய்வு எதிர்ப்பக்கம் தள்ளும். இரண்டு கூட்டத்தையும் தனித்தனியே சராசரி எடுத்து, பிறகு சேர்த்தால் சாய்வு தானாக ரத்தாகிவிடும். நிக்கொலே அப்படிச் செய்து பார்த்தார். கோட்டைக்கும் விடுதிக்கும் இடையில் மிஞ்சிய வேறுபாடு கால் விகலை. அதற்கு வேண்டிய தெற்கு விண்மீன் அளவுகள் சிலவற்றையும் மெஷேனே எடுத்து எழுதி வைத்திருந்தார். அப்போது டெலாம்பரும் உயிரோடு இல்லை. ஆறு ஆண்டுகள் முன்பே மறைந்திருந்தார்.

அடுத்த இதழில் நம் ஊர்ப் பக்கம் வருகிறோம். 1802-இல் சென்னைப் பறங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்டன் நூறடி எஃகுச் சங்கிலியை விரித்தது, வெயிலில் அது நீளாமல் பார்த்துக்கொள்ளச் செய்த ஏற்பாடுகள், தஞ்சைப் பெரிய கோவிலில் அவருடைய தியோடலைட்டுக்கு நேர்ந்த விபத்து ஆகியவற்றைப் பார்ப்போம்.